ஏரிக்கரையில் ஒரு காலை: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு அரை நாள் பயணக் கையேடு

"ஒரு நாள் எங்கேயாவது போய் அமைதியா இருந்துட்டு வரணும்" என்ற பேச்சு வந்தால் போதும், ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று பெயர்கள் வரிசை கட்டி வரும். அப்புறம் லீவு கிடைக்காது, பிள்ளைக்குப் பரீட்சை, வண்டி வாடகை கட்டுப்படியாகாது என்று பேச்சு அப்படியே அமுங்கிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். மலைக்குப் போக முடியவில்லையே என்ற வருத்தத்தில், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஏரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதுவரை அப்படி எங்கும் போய்ப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரை நாள் போதும். பேருந்துக் காசும் தண்ணீரும் இருந்தால் கிளம்பிவிடலாம்.

முதலில் நேரம், பிறகு இடம்

நான் முதன்முதலில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஊசுட்டேரிக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. கரையெல்லாம் வண்டிகள். ஒரு பக்கம் ஸ்பீக்கரில் பாட்டு, இன்னொரு பக்கம் பிறந்தநாள் கேக். தலைவலியோடு வீடு திரும்பினேன். அதன்பின் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு தை மாதப் புதன்கிழமை, காலை ஆறரை மணிக்கு அதே கரையில் போய் நின்றேன். நாமக்கோழிகள் தண்ணீரைக் காலால் தட்டிக்கொண்டே ஓடும் சத்தம் அக்கரையிலிருந்து கேட்டது. ஏரி அதே ஏரிதான். நான் போன நேரம்தான் வேறு.

அதனால் இடத்தைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தை முடிவு செய்யுங்கள். வார நாளில் ஒரு லீவு போட முடிந்தால் அதுவே நல்லது. ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும் என்றால், விடியும்போது அங்கே இருக்க வேண்டும். கூட்டம் சேரத் தொடங்கும் ஒன்பதரை, பத்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும். நம் பக்கம் தை மாதத்தில் சூரியன் எழும்போது மணி ஆறரையைத் தாண்டிவிடும். வைகாசியில் ஆறுக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். அதற்கேற்ப அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகலாம், அல்லது அதிகம் பேசாத ஒருவரோடு போகலாம். ஆறு பேர் சேர்ந்தால் அது பிக்னிக். பிக்னிக்கும் நல்லதுதான், ஆனால் அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

நம் ஊருக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் எங்கேயும் கிளம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரிக் காடுகளும் அன்று படுத்தவைதான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, மிகை நீர் வெளியேறும் கலிங்கல் வழியும்போது போய்ப் பார்க்க ஆசையாக இருக்கும். அப்போது தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், கலிங்கலில் இறங்க வேண்டாம்.

மார்கழி நடுவிலிருந்து மாசி வரை ஏரிகளின் காலம். தண்ணீர் நிறைந்திருக்கும், வெயில் உறைக்காது, வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகளும் வந்து சேர்ந்திருக்கும். பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற, மீதமுள்ள குட்டையில் பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு மேயும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது நல்ல காட்சி. சித்திரை, வைகாசியில் திறந்தவெளி ஏரிக்கரைகளை விட்டுவிடுங்கள். நிழல் உள்ள இடம்தான் அப்போது சரி. கோயில் காடு, சுரபுன்னைக் காடு (மாங்குரோவ்), ஆற்றோரத் தோப்பு என்று போகலாம். ஆடி, ஆவணியில் மேட்டூர் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் இறங்கி வீராணத்துக்கு வந்து சேரும். காட்டுமன்னார்கோயில் பக்கம் போக அதுதான் சமயம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி இன்றைக்கும் வயலுக்குப் பாய்கிறது, சென்னைக்கும் குடிதண்ணீர் அனுப்புகிறது. அந்த நீளக் கரைமேல் நடக்கும்போது ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் பச்சை வயல். கால் வலிக்கும் வரை நடக்கலாம்.

முதல் பயணத்துக்கு ஓர் ஏரி

யார் கேட்டாலும் முதல் பயணத்துக்கு நான் பாகூர் ஏரியைத்தான் சொல்வேன். கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அது பக்கம். இரண்டு ஊருக்கும் இடையே ஓடும் பேருந்தில் ஏறிக் கன்னியக்கோயிலில் இறங்கி மேற்கே திரும்பினால் பாகூர். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. சுற்றிலும் நெல் வயல். பாகூரை நெற்களஞ்சியம் என்று புதுச்சேரிக்காரர்கள் சொல்வதற்கு இந்த ஏரிதான் காரணம்.

போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வது? புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கரைமேல் ஏறி, பத்து நிமிடம் பார்த்து, நான்கு போட்டோ எடுத்து, "சரி, அடுத்து எங்கே?" என்று கேட்டுவிடுகிறார்கள். அடுத்த இடம் என்று ஒன்றை அன்றைக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

கரைமேல் ஒரு கால் மணி நேரம் மெதுவாக நடங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல் நல்ல இடம். அங்கே தண்ணீர் சலசலக்கும், மீன்கொத்தி வந்து உட்காரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பைக்குள் வையுங்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நீங்கள் வந்ததைப் பார்த்து விலகிப் போன பறவைகள் அப்போது உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் அசையாமல் இருந்தால் அவை மெல்லத் திரும்பி வரும். முதலில் மடையான். அதுவரை மண்ணோடு மண்ணாக நின்றது, பறக்கும்போதுதான் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் முக்குளிப்பான்கள், இங்கே மூழ்கி அங்கே எழும். ஆகாயத்தாமரை மேல் இலைக்கோழி நீள விரல்களை விரித்து நடக்கும். நீர்க்காகம் முளைக்கம்பில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும்.

பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே பறவையை அரை மணி நேரம் பாருங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஏன் மூடாமல் இடைவெளியோடு இருக்கிறது என்று நான் ஒரு நாள் முழுக் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுக்க வாகாக அமைந்த அலகு அது. அதைச் சேற்றில் விட்டுத் துழாவி, நத்தையை எடுத்து, தலையை ஒருமுறை உதறி விழுங்கியதைக் கண்ணால் பார்த்தபோது, அந்த வாரம் அலுவலகத்தில் நடந்த எதுவும் மனதில் இல்லை. அதற்காகத்தான் போகிறோம்.

பறவைகளில் ஆர்வம் வந்துவிட்டால், பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை எண்ணி இ-பேர்டு செயலியில் பதிய வேண்டும், அவ்வளவுதான். 

இரண்டாவது தடவைக்கு ஊசுட்டேரி. புதுச்சேரியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே, பத்துக்கண்ணு போகும் வழியில் இருக்கிறது. ஏரியில் பாதி புதுச்சேரிக்கு, மீதி விழுப்புரம் மாவட்டத்துக்கு. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் சரணாலயம் ஆனது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து எல்லாம் இங்கே வரும். படகுத்துறைப் பக்கத்தை விட்டு விலகிப் போய் உட்காருங்கள். கடலூரிலிருந்து தெற்கே போக நினைப்பவர்களுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெருமாள் ஏரி இருக்கிறது. வடக்கே, மரக்காணம் பக்கம் கழுவேலி. அது 2024-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. ஆனால் நிழல் கிடையாது, பறவைகள் வெகு தூரத்தில் இருக்கும். தொலைநோக்கி வாங்கிய பிறகு அங்கே போங்கள்.

சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில்

பிச்சாவரத்துக்கு ஒருமுறையாவது போயிருப்பீர்கள், பள்ளிச் சுற்றுலாவில். அதை மறந்துவிட்டுப் புதிதாகப் போங்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு. அங்கிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர், டவுன் பஸ் போகிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த காடு. 2022-இல் இதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. அதைச் சொல்லாத படகோட்டியை நான் பார்த்ததில்லை.

படகுத்துறையில் விசைப்படகா துடுப்புப் படகா என்று கேட்பார்கள். தயங்காமல் துடுப்புப் படகு என்று சொல்லுங்கள். விசைப்படகு வேகமாகப் போகும், அகலமான வாய்க்காலைத்தான் காட்டும், அதன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. துடுப்புப் படகுதான் தலைக்கு மேல் கிளைகள் கூடும் சின்ன வாய்க்கால்களுக்குள் நுழையும். வார நாளில் முதல் படகு கிடைத்தால் காடு உங்களுக்கே. ஏறும்போதே படகோட்டியிடம், "அண்ணே, அவசரமே இல்லை. உள்ளே போனதும் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் துடுப்பு போடாம நிறுத்துவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே நிறுத்துவார்கள். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

நின்றதும் வேர்களைப் பாருங்கள். சுரபுன்னைக்குத் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்கு வேர்கள். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி மேலே நிற்கும் மூச்சு வேர்கள். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேரை மேலே நீட்டித்தான் இந்த மரம் மூச்சு வாங்குகிறது. தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் போனால், வேர்களுக்கு நடுவே ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டி அழைக்கும் சிறு நண்டுகளைப் பார்க்கலாம். ஆழம் குறைந்த இடங்களில் இருளர் மக்கள் தண்ணீரில் அமிழ்ந்து கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். அவர்கள் பிழைப்பு அது. கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

படகோட்டியிடம் தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நடராசர் கோயிலின் தல மரமும் இதுவே. ஊருக்குள் தேடினால் அந்தக் காடு இல்லை, இங்கேதான் இருக்கிறது. பார்ப்பதோடு சரி. கிளையை ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மரமும் கல்லும்

வெயில் காலத்துக்கு என்று இரண்டு இடங்கள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி வரும் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. சோழமண்டலக் கரை முழுவதும் ஒரு காலத்தில் இலையுதிராத இந்த வகைக் காடு இருந்தது. வெட்டியும் மேய்த்தும் எரித்தும் எல்லாம் போனது. ஐயனாருக்குப் பயந்து ஒரு சுள்ளிகூட ஒடிக்காத இடங்களில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் வெயில் சட்டென்று நின்றுவிடும். வீரை மரங்களும் முறுக்கிக்கொண்டு ஏறும் கொடிகளும் சேர்ந்து பகலிலேயே அந்தி மாதிரி இருட்டு. விழா நாட்களையும் ஆடி மாதக் கூட்டத்தையும் தவிர்த்துவிட்டுப் போங்கள். சாமி கும்பிடுபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக உட்காருங்கள். விழுந்து கிடக்கும் விதையைக்கூடப் பையில் போட வேண்டாம், அது அடுத்த மரம். ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வெறும் செம்மண் மேட்டில் காடு வளர்த்தவர்கள் நாட்டு மரங்களின் விதைக்கு இப்படிப்பட்ட கோயில் காடுகளைத்தான் தேடி வந்தார்கள்.

இன்னொன்று திருவக்கரை. அங்கே மரம் கல்லாகக் கிடக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்து, மரத்தின் இழைகளுக்குள் சிலிக்கா புகுந்து கல்லான மரங்கள். வேரோ கிளையோ இல்லாமல் வெறும் தண்டாகக் கிடப்பதிலிருந்தே, அவை வேறெங்கோ நின்ற மரங்கள் என்று தெரிகிறது. அந்தப் பாறைக்குப் பெயர் கடலூர் மணற்கல். நம் ஊரில் கேப்பர் மலையில் பார்க்கும் செம்மண் மேடும் அதே வகைதான். கடலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிய வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. சோனரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். 1940-இல் இது பூங்கா ஆனது. கல்லில் வளர்ச்சி வரிகளைத் தொட்டுப் பார்க்கலாம், எடுத்து வரக் கூடாது. புதுச்சேரியிலிருந்து இருசக்கர வண்டியில் போவது வசதி. பௌர்ணமி அன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும், அந்த நாளை விட்டுவிடுங்கள்.

ஊருக்கு மிகப் பக்கத்திலேயே வேண்டும் என்றால் அரிக்கமேடு. அரியாங்குப்பத்தில் காக்காயந்தோப்பு தாண்டி, ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்து, ரோமானிய வணிகம் நடந்த துறைமுகம் என்று உலகுக்குக் காட்டிய இடம். இப்போது மாமரமும் தென்னையும் பழைய செங்கல் சுவரும்தான். மாம்பூ பூக்கும் மாதங்களில் போங்கள்.

பையில் என்ன

தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி அல்லது துண்டு, கட்டுச்சோறு, உட்கார ஒரு பழைய போர்வை, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கருவேல முள் செருப்பைத் துளைத்துவிடும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டையையும் வாசனைத் தைலத்தையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தொலைநோக்கி முதல் ஆறு மாதத்துக்குத் தேவையில்லை. அப்புறம் வாங்கினால் 8×42 அளவு ஏரிக்குச் சரியாக இருக்கும்.

கவனமாக இருக்க வேண்டியவை

கடலில் இறங்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். புதுச்சேரி, கடலூர்க் கடற்கரைகளில் ஒவ்வொரு வருடமும் நல்ல நீச்சல்காரப் பையன்களே போய்விடுகிறார்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஆற்று முகத்துவாரங்கள் இன்னும் மோசம். கடலூர் வெள்ளி கடற்கரையில் (சில்வர் பீச்) விடிகாலையில் நடங்கள், மணலில் உட்காருங்கள், அவ்வளவு போதும். தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த நேரத்தில் மணலில் டார்ச் அடிக்காதீர்கள், வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடும்.

ஏரியிலும் இறங்க வேண்டாம். மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, தாமரைக் கொடி காலைச் சுற்றும். புதர்ப் பக்கம் போகாமல், மாடு நடக்கும் தடத்திலேயே நடந்தால் பாம்புத் தொல்லை குறைவு.

சில கரைகளில் மாலையில் குடிக்க வருபவர்கள் உண்டு. விடிகாலையில் மாடு ஓட்டுபவர்கள், வலை வீசுபவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள்தான் இருப்பார்கள். பெண்கள் முதல் தடவை போகும்போது துணையோடு போய், ஊர் ஓரமாக ஆள் நடமாட்டம் உள்ள மதகுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது எல்லோருக்கும் பொருந்தும். கரையில் பார்ப்பவரிடம் "அண்ணே, வணக்கம்" என்று ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். "பறவை பார்க்க வந்தேன்" என்றால் போதும். எந்த மரத்தில் நாரை அடைகிறது என்று அவரே கை நீட்டிக் காட்டுவார்.

பத்து மணிக்கு வெயில் ஏறும். பாகூரில் என்றால் கரையிலிருந்து இறங்கி, சோழர் காலத்து மூலநாதர் கோயிலில் நடை சாத்துவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடையில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஒரு மாதம் கழித்து அதே மதகுக்கு மறுபடி போங்கள். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்தப் பறவை போய்விட்டது, எது புதிதாக வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.